யூத அமைப்பின் பொது விவகார மாநாடு: பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தது

#1 மேரிலாந்து மணி

எங்கள் வட்டாரத்தில் யூதர்களின் வழிபாட்டிடமான சினகாக் ஒன்றும் நம் ஆட்கள் நடத்தும் கோயிலும் சேர்ந்து ஞாயிறுதோறும் இல்லாதவர்களுக்கு உணவுப்பொருள் கொடுக்கிறோம். நான் அரிசி மூட்டை தூக்குகிற பிரிவு. என்னோடு நின்று டப்பா அடுக்குகிற எழுபது வயதுக்காரர் ஒருவர். அவர்கள் சமூக அமைப்பில் அவர் பெரிய ஆள் என்பது மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. "வாஷிங்டனில் எங்கள் பொது விவகார மாநாடு. பக்கத்துச் சமூகத்தார் சிலரைப் பார்வையாளராகக் கூப்பிடுவோம், வாயேன்" என்றார். போனேன்.

மாநாடு என்றால் எனக்குத் தெரிந்த மாநாடு வேறு. வரவேற்பு வளைவு, கட் அவுட், தலைவர் வரும்வரை பாட்டுக் கச்சேரி. இங்கே ஓட்டல் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு ஹால், வட்ட மேசைகள், ஆறிப்போன காபி. ஞாயிறு காலை தொடங்கி செவ்வாய் மாலை முடிந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அதைத் தொடமாட்டார்கள். முதல் இரண்டு நாளும் முழுசாக இருந்தேன்.

பேச்சுகள் இருந்தன, மறந்துவிட்டேன். மறக்காதது தீர்மான அமர்வு. அகதிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லி ஒரு தீர்மானம். "வலியுறுத்துகிறோம்" என்று போடுவதா, "கேட்டுக்கொள்கிறோம்" என்று போடுவதா? இதற்கு மட்டும் நாற்பது நிமிடம். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் விடவும் இல்லை.

அடுத்தது, மதப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் கூடாது என்கிற தீர்மானம். பெரும்பான்மை ஆதரவு. வைதீக யூதர்களின் அமைப்பு ஒன்றிலிருந்து வந்தவர் எழுந்தார். "நாங்கள் இதற்கு உடன்படவில்லை, எங்கள் மறுப்பைப் பதியுங்கள்" என்றார். தலைமை வகித்த அம்மா தலையாட்டினார். தீர்மானம் நிறைவேறியது. அதன் அடியிலேயே, அதே தாளில், இன்ன அமைப்பு இன்ன காரணத்தால் மறுக்கிறது என்று ஏறியது. மதியச் சாப்பாட்டில் மறுத்தவரும் முன்மொழிந்தவரும் ஒரே மேசை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சுக்குக்காபி

அண்ணே, நாற்பது நிமிஷம் ஒரு வினைச்சொல்லுக்கா? நம்ம ஊர்ல தீர்மானம்னா "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது"ன்னு முந்தின நாளே அச்சடிச்சு வந்துடும். சாப்பாடு எப்படி, அதச் சொல்லுங்க.

#3 வரலாற்றுப்பித்தன்

மணி, நல்ல கேள்வி. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1930களில் அமெரிக்காவில் யூத வெறுப்பு உச்சத்தில் இருந்தது. வானொலியில் வாராவாரம் யூதர்களைத் திட்டிய கோஃப்லின் பாதிரியாரைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். இதை எதிர்க்க நான்கு பெரிய அமைப்புகள் இருந்தன. அமெரிக்கன் ஜூயிஷ் கமிட்டி, அமெரிக்கன் ஜூயிஷ் காங்கிரஸ், ஆன்டி டிஃபமேஷன் லீக்கை நடத்திய பினேய் பிரித், ஜூயிஷ் லேபர் கமிட்டி. கமிட்டியில் பணக்கார ஜெர்மானிய வம்சத்தார், கதவடைத்துப் பேசி முடிப்பது அவர்கள் வழி. காங்கிரஸில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், தெருவில் இறங்குவது அவர்கள் வழி. ஒருவரை ஒருவர் பிடிக்காது. 1938ல் நால்வரையும் ஒரே குடையின் கீழ் உட்கார வைத்துப் பார்த்தார்கள், ஒப்பேறவில்லை.

1944ல் மறுபடி முயன்றார்கள். தேசியச் சமூக உறவு ஆலோசனைக் கவுன்சில் என்று பெயர். பெயரில் உள்ள "ஆலோசனை"யைக் கவனியுங்கள். இது உத்தரவு போடாது, போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு நகரத்திலும் உள்ளூர்ச் சமூக உறவுக் கவுன்சில்கள், மேலே தேசிய அமைப்புகள், வருடம் ஒருமுறை எல்லோரும் கூடும் மாநாடு. இந்தக் கவுன்சிலுக்குத்தான் 1997ல் "பொது விவகாரங்களுக்கான யூதக் கவுன்சில்" என்று பெயர் மாறியது.

சண்டை மட்டும் ஓயவில்லை. ஒரே வேலையை நான்கு பேர் செய்கிறார்களே, பிரித்துக் கொடுக்கலாமா என்று கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் மெக்கைவரைக் கேட்டார்கள். 1951ல் அவர் அறிக்கை கொடுத்தார்: ஆளுக்கொரு துறை, மற்றவர் அதில் தலையிடக் கூடாது. கமிட்டியும் லீக்கும் அடுத்த வருடமே கவுன்சிலை விட்டு வெளியேறின. திரும்பி வர பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

நீங்கள் பார்த்த மறுப்புக் குறிப்பு இந்தக் காயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1950களிலிருந்து கவுன்சில் ஆண்டுதோறும் ஒரு கூட்டுத் திட்ட ஆவணம் வெளியிட்டது. மதப் பள்ளிக்கு அரசுப் பணம் பற்றிய பகுதியில் வைதீக யூதர்களின் ஆர்தடாக்ஸ் யூனியன் தன் மறுப்பை எழுதிக்கொள்ளும். வெளியேறுவதற்குப் பதில் அடிக்குறிப்பு.

இதற்கும் பழைய வேர் உண்டு. அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஹில்லேல் பள்ளியும் ஷம்மாய் பள்ளியும் எதற்கெடுத்தாலும் முரண்படும். பெரும்பாலும் ஹில்லேல் பக்கம்தான் தீர்ப்பு. ஆனால் தோற்ற கருத்தையும் எழுதிவைத்தார்கள். ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வியும் அங்கேயே இருக்கிறது. பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அந்தச் சிறுபான்மைக் கருத்தைச் சரி என்று கருதினால் அதைச் சார்ந்து நிற்க இடம் வேண்டும் என்பது ஒரு விடை.

#4 கத்திரிவெயில்

ரொம்ப உருகாதீங்க சார். அடிக்குறிப்பு, ஆறின காபி எல்லாம் வெளிப்பூச்சு. அமெரிக்க நாடாளுமன்றத்தையே சட்டைப்பையில வச்சிருக்கிற லாபி இது. காஸாவுல குழந்தைங்க சாகுது, இவங்க வினைச்சொல் தேடுறாங்க. உலகத்தை யார் ஆட்டிவைக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

#5 நெவார்க் நாகை

கத்திரி, உங்க கோபத்துல பாதி எனக்கும் இருக்கு. ஆனா ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புறீங்க. லாப நோக்கில்லாத அமைப்புகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால சொல்றேன்.

மணி அண்ணன் போனது மாதிரியான அமைப்புகள் வரிச்சட்டத்துல 501 சி 3 பிரிவு. கொடுக்கிற நன்கொடைக்கு வரிவிலக்கு. அதுக்கு விலையா, தேர்தல்ல இன்னாருக்கு ஓட்டுப் போடுன்னு சொல்லவே கூடாது. 1954ல லிண்டன் ஜான்சன் செனட்டரா இருந்தப்ப கொண்டுவந்த திருத்தம். சட்டத்துக்காக லாபி பண்ண, அதாவது உறுப்பினர்கள்கிட்ட பேசிக் கேட்க, செலவழிக்கலாம், அளவோட. 1976க்கு அப்புறம் விருப்பப்பட்டா ஒரு கணக்கு முறையைத் தேர்ந்துக்கலாம். ஆண்டுச் செலவுல முதல் அஞ்சு லட்சம் டாலருக்கு 20 சதவீதம், மேல போகப் போகக் குறையும், எவ்வளவு பெரிய அமைப்பா இருந்தாலும் உச்சவரம்பு 10 லட்சம் டாலர். கோயில், சர்ச், சினகாக் எல்லாம் இந்த முறையைத் தேர்ந்துக்க முடியாது, "கணிசமா இருக்கக் கூடாது"ங்கிற பழைய வழவழா விதிதான் அவங்களுக்கு.

நீங்க மனசுல வச்சிருக்கிறது ஐபாக். அது வேற ரகம், ஒரே ஒரு வேலை: இஸ்ரேல் அமெரிக்க உறவு. அவங்க மாநாடுதான் பிரமாண்டம், 2020 மார்ச்ல 18,000 பேர். அதுக்கப்புறம் அந்த மாதிரிப் பெருங்கூட்டத்தையே விட்டுட்டாங்க. 2021 கடைசி வரைக்கும் அவங்க வேட்பாளருக்கு நேரடியா பணம் கொடுத்ததில்லை, அதுக்கப்புறம்தான் தேர்தல் நிதிக்குழு தொடங்கினாங்க.

"உலகத்தை ஆட்டிவைக்கிறவங்க" வசனம் 1903ல ஜார் ரஷ்யாவுல அச்சான போலி ஆவணத்தோட சரக்கு. அத இங்க இறக்காதீங்க.

#6 கத்திரிவெயில்

அந்தக் கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கறேன், கோவத்துல வந்துடுச்சு. ஆனா மத்ததுல பின்வாங்க மாட்டேன். 2024ல நியூயார்க்ல ஜமால் போமேன்னு ஒரு எம்பி, காஸாவுக்காகப் பேசினவர். அவரைத் தோற்கடிக்க ஐபாக் சார்புக் குழு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல கொட்டிச்சு. ஒரு உட்கட்சித் தேர்தலுக்கு! அடிக்குறிப்பு போட்டு ஜனநாயகம் வளர்க்கிறவங்க அதைப் பத்தி என்ன தீர்மானம் போட்டாங்க?

#7 ஓரக்கண்

நல்ல கேள்வி. பாப்கார்ன் எடுத்து வச்சாச்சு.

#8 யாழ்நிலா

வணக்கம், நான் டொரொன்டோவில இருக்கிறன். இஞ்ச நடந்த ஒண்டைச் சொல்லுறன், உங்கட கதைக்குப் பொருந்தும்.

கனடாவில 1919இல தொடங்கின கனேடியன் ஜூயிஷ் காங்கிரஸ் எண்ட அமைப்பு இருந்தது. சமூகத்தின்ர நாடாளுமன்றம் எண்டு சொல்லுவினம். பிரதிநிதிகளைத் தெரிவு செய்து அனுப்புறது, மாநாட்டில வாக்கு, சண்டை, எல்லாம் உண்டு. 2011இல அதை இழுத்து மூடிப்போட்டு, நிதி சேர்க்கிற ஃபெடரேஷன்கள் சேர்ந்து இஸ்ரேல் மற்றும் யூத விவகார மையம் எண்டு ஒரே நிறுவனமாக்கிவிட்டினம். செயற்திறன் கூடிச்சுது, அது உண்மை. ஆனா சாதாரண ஆள் எழும்பி நிண்டு "நான் மறுக்கிறன்" எண்டு சொல்லுற இடம் போட்டுது. என்னோட வேலை செய்யிற யூதப் பிள்ளை ஒராள் இதைச் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுவா. அவவின்ர பாட்டன் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனவராம்.

காசு குடுக்கிறவை மேசையில இருந்தா, காசு இல்லாதவையின்ர அடிக்குறிப்புக்கு என்ன மதிப்பு? மணி அண்ணா, நீங்கள் போன இடத்தில ஆர் ஆரைத் தெரிவு செய்தது எண்டு கேட்டனீங்களோ?

#9 மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. ஒன்று ஹிட்லரைப் புகழ்ந்தது, மற்றொன்று காஸா மக்களைப் பூச்சிகள் என்றது. இரண்டையும் எழுதியவர்களுக்கு ஒரு வாரம் விடுப்பு. மற்றவர்கள் தொடரலாம்.

#10 மேரிலாந்து மணி

யாழ்நிலா, கேட்டேன். அங்கே வந்திருந்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்த் தலைவர்கள்: பல் டாக்டர், வக்கீல், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரவர் ஊர் அமைப்பு நியமித்து அனுப்பியது. அந்த ஊர் அமைப்புகளில் பல, நீங்கள் சொன்ன நிதி சேர்க்கும் ஃபெடரேஷனின் ஒரு துறையாகவே இயங்குகின்றன. ஆக நேரடித் தேர்தல் இல்லை. உங்கள் சந்தேகம் நியாயம்தான்.

கத்திரிக்குப் பதில் கடைசியில் சொல்கிறேன், ஓடிப்போக மாட்டேன். அதற்கு முன் செவ்வாய்க்கிழமைக் கதை.

மூன்றாம் நாள் எல்லோரும் நாடாளுமன்ற அலுவலகங்களுக்குக் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். ரேபர்ன் கட்டடத்தின் நீள வராந்தாவில் ஐந்தைந்து பேராக நடக்கிறார்கள், கையில் ஒற்றைத் தாள். உறுப்பினர் எங்கள் முன் உட்கார்ந்தது நான்கு நிமிடம், வாக்கெடுப்பு மணி அடித்ததும் ஓடிவிட்டார். மிச்சம் பதினைந்து நிமிடம் அவருடைய உதவியாளர், இருபத்தைந்து வயது கூட இருக்காது. வந்தவர்களுக்கு அதில் வருத்தமே இல்லை. "சட்ட வரைவைப் படிக்கிறவர் இவர்தான்" என்று டாக்டரம்மா என் காதில் சொன்னார்.

கேட்டது ஒரே விஷயம். வழிபாட்டுத் தலங்களின் பாதுகாப்புக்கு மத்திய அரசு தரும் மானியம். 2005ல் இரண்டரைக் கோடி டாலரில் தொடங்கியது. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் சினகாகில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு தொகை ஏறியது: 2020ல் 9 கோடி, 2021ல் 18 கோடி, 2022ல் 25 கோடி, 2023ல் 30.5 கோடி. அப்படியும் 2022ல் விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத்தான் கிடைத்தது.

நான் வாயைத் திறந்த ஒரே இடம் இங்கேதான். இந்த மானியம் யூதர்களுக்கு மட்டும் கிடையாது. மசூதி, குருத்வாரா, நம் கோயில் எல்லாம் விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலில் நம் பணத்தில் கேமரா போட வேண்டும், பிறகுதான் திரும்ப வரும். உண்டியல் காசில் ஓடும் சின்னக் கோயிலுக்கு அந்த முதல் பணம் ஏது? இதைச் சொன்னேன். உதவியாளர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் எழுபது வயதுக்காரர் முறைத்தார், பிறகு சிரித்தார். "எங்கள் தாளில் இல்லாத கோரிக்கையைச் சேர்த்துவிட்டாய். அடுத்த வருடம் தாளிலேயே போட்டுவிடுவோம்" என்றார்.

சுக்கு, சாப்பாடு: கோஷர் டப்பா, யூத உணவு விதிப்படி சமைத்தது. வேகவைத்த கோழி, உப்புக் குறைவு. எனக்குத் தனியாகக் காய்கறி டப்பா. ஊறுகாய் பாக்கெட் என் பையில் எப்போதும் இருக்கும், தப்பித்தேன்.

#11 சுக்குக்காபி

ஊறுகாய் பாக்கெட்டோட ரேபர்ன் கட்டடத்துக்குள்ள போன முதல் தஞ்சாவூர்க்காரர் நீங்கதான்னு நெனைக்கறேன்.

சரி, ஒரு சீரியஸ் சந்தேகம். பள்ளிக்கூடத்துக்கு அரசுப் பணம், அகதிகள் இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு? தன் சமூகத்துப் பாதுகாப்பு, இஸ்ரேல், அதோட நிறுத்திக்கலாமே?

#12 வரலாற்றுப்பித்தன்

தம்பி, அந்தச் சண்டைதான் அவர்கள் வீட்டிலேயே எண்பது வருடமாக நடக்கிறது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற நாட்டில்தான் யூதன் நிம்மதியாகத் தூங்க முடியும், ஆகவே எல்லோருடைய உரிமையும் நம் காரியம் என்பது 1944 தலைமுறையின் கணக்கு. அது தர்மமும் உண்டு, சுயநலமும் உண்டு. இரண்டையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஆர்னால்ட் ஆரன்சன் என்று ஒருவர். அந்தக் கவுன்சிலின் திட்ட இயக்குநர். கருப்பினத் தலைவர்கள் பிலிப் ராண்டால்ஃப், ராய் வில்கின்ஸ் இருவரோடும் சேர்ந்து 1950ல் குடிமை உரிமைகளுக்கான தலைமை மாநாடு என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். அதற்குச் செயலாளர் வேலையையும் வெகுகாலம் பார்த்தார். வாஷிங்டன் மாசசூசெட்ஸ் அவென்யூவில் சீர்திருத்த யூதப் பிரிவின் மையம் ஒன்று உண்டு. கீவி கேப்லன் என்ற பாஸ்டன் வியாபாரி கொடுத்த பணத்தில் வாங்கிய கட்டடம். 1964 குடிமை உரிமைச் சட்டத்துக்கும் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கும் வரைவு வேலையில் ஒரு பகுதி அந்தக் கட்டடத்துக் கூட்ட மேசையில் நடந்தது. ஆரன்சன் பெயர் வெளியே அவ்வளவாகத் தெரியாது. 1998ல் நாட்டின் உயரிய குடிமக்கள் விருது கொடுத்தார்கள், அந்த வருடமே காலமானார்.

நீங்களும் மணியும் நாகையும் அமெரிக்காவில் குடியேறியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1924 சட்டம் ஆசியர்களுக்குக் கதவை ஏறக்குறைய மூடியிருந்தது, கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்கும்தான். புருக்ளின் தொகுதியின் யூத உறுப்பினர் இமானுவேல் செல்லர் அந்தச் சட்டத்தை அப்போதே எதிர்த்துப் பேசியவர். 1946ல் கிளேர் பூத் லூஸ் அம்மையாரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த சட்டத்தால்தான் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடும் குடியுரிமை பெறும் தகுதியும் வந்தன. 1965ல் செனட்டர் ஹார்ட்டோடு சேர்ந்து பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையையே எடுத்தெறிந்தார். யூத அமைப்புகள் அதற்காகப் பல வருடம் வேலை செய்தன. உங்கள் விசாவின் கொள்ளுப்பாட்டனார் செல்லர்.

கூட்டணி பிறகு விரிசல் விட்டது, அதையும் சொல்ல வேண்டும். பாக்கி என்பவர் தொடுத்து 1978ல் தீர்ப்பான வழக்கில், கல்லூரி இடங்களில் இனவாரி ஒதுக்கீடு கூடாது என்று கமிட்டி, காங்கிரஸ், லீக் மூன்றும் நீதிமன்றத்தில் நின்றன. ஒதுக்கீடு என்ற சொல்லே அவர்களுக்கு அலர்ஜி, ஒரு காலத்தில் ஹார்வர்ட் முதலான இடங்களில் யூத மாணவரைக் கட்டுப்படுத்தியது அந்த முறைதான். நேற்றுவரை தோளோடு தோள் நின்ற கருப்பினத் தலைவர்களுக்கு அது துரோகமாகத் தெரிந்தது. இரு தரப்பின் வரலாற்றையும் அறிந்தால் இரண்டு வலியும் புரியும். இடஒதுக்கீட்டால் படித்த வீட்டிலிருந்து வந்தவன் நான், என் மனம் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

#13 கத்திரிவெயில்

ஐயா, செல்லர் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி.

ஆனா நீங்க சொல்றது எல்லாம் அந்தக் காலம். இப்பப் பாருங்க. 2014ல ஜே ஸ்ட்ரீட்னு ஒரு அமைப்பு, இஸ்ரேலை ஆதரிக்குது, ஆக்கிரமிப்பை எதிர்க்குது. பெரிய யூத அமைப்புகளின் தலைவர்கள் மாநாடுங்கிற கூட்டமைப்புல உறுப்பினரா சேர விண்ணப்பிச்சாங்க. ஆதரவு 17, எதிர்ப்பு 22, நடுநிலை 3. கதவைச் சாத்திட்டாங்க. லண்டன்ல 1760லேர்ந்து இருக்கிற போர்ட் ஆஃப் டெபுடீஸ், பிரிட்டன் யூதர்களோட பிரதிநிதி சபை. 2025 ஏப்ரல்ல அதோட 36 உறுப்பினர்கள் காஸா போரைக் கண்டிச்சு பத்திரிகையில கடிதம் எழுதினாங்க. விளைவு? 36 பேர் மேலயும் ஒழுங்கு விசாரணை. பள்ளிக்கூடப் பணத்துக்கு அடிக்குறிப்பு, இஸ்ரேல்னா வெளிய போ. இதுதானே நிலைமை?

#14 நெவார்க் நாகை

இதுல கத்திரி சொல்றது சரி. பாஸ்டன்லயும் 2019ல உள்ளூர் கவுன்சில் ஒரு விதி போட்டுச்சு: யூதர்களுக்குத் தனி நாடு வேணும்ங்கிற சியோனிசத்தை எதிர்க்கிற அமைப்போட கைகோத்தா உறுப்பினரா இருக்க முடியாது. எல்லாரும் சேர்ற கூடாரம்னாலும் எல்லை வேணும்னு ஒரு தரப்பு, எல்லை போட்டா அது கூடாரமே இல்லன்னு இன்னொரு தரப்பு.

தேசியக் கவுன்சிலோட கதையும் கேளுங்க. 2022 டிசம்பர்ல அது ஃபெடரேஷன் கட்டமைப்பை விட்டுப் பிரிஞ்சு தனி அமைப்பாச்சு. வெளிய சொன்ன காரணம், புது வேலைக்குப் புது வடிவம். உள்ள பல வருஷப் புகைச்சல்: கவுன்சில் ரொம்ப இடதுசாரின்னு பெரிய நன்கொடையாளர்கள் சிலருக்குக் குறை, நன்கொடையாளருக்குப் பயந்து வாயை மூடிக்கறாங்கன்னு மத்தவங்களுக்குக் குறை. 2023ல ஏமி ஸ்பிடல்னிக் தலைமைக்கு வந்தாங்க. சார்லட்ஸ்வில் ஊர்வலம் நடத்தின வெள்ளை இனவெறியர்கள் மேல சிவில் வழக்குப் போட்டு 2021ல ஜெயிச்ச அமைப்பை நடத்தினவங்க. யூதர் பாதுகாப்பும் ஜனநாயகமும் ஒன்னோடொன்னு பிணைஞ்சதுங்கிறது அவங்க வாதம். ஆரன்சன் பேசின அதே கணக்குதான். ஆனா ஆரன்சனுக்குப் பின்னால நின்ன அந்தப் பெரிய கூடாரம் இப்ப இல்ல.

யாழ்நிலா கேட்ட கேள்விக்கும் இதுவே பதில்னு தோணுது. சுதந்திரம் வந்துச்சு, கூட்டம் குறைஞ்சுது.

#15 ஓரக்கண்

நம்ம சங்கங்களோட ஒப்பிட்டு யாரும் எழுதலையேன்னு பார்த்தேன். நானே எழுதறேன். எங்க ஊர்ல தமிழ்ச் சங்கம் ஒன்னு இருந்துச்சு. பொங்கல் விழாவுக்கு எந்தப் பாடகர்னு மாற்றுக்கருத்து. இப்ப மூணு சங்கம் இருக்கு.

#16 யாழ்நிலா

ஓரக்கண், சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. எங்கட பக்கம் இன்னும் மோசம், விளையாட்டுக் கழகமே ரண்டாய் உடைஞ்சது.

ஆனா எல்லாம் பிழையெண்டும் இல்லை. ஒண்டாரியோவில 2021 மே மாதம் தமிழின அழிப்புக் கல்வி வாரச் சட்டம் நிறைவேறினது. அடுத்த வருசம் மே 18ஐ நினைவு நாளாய் அங்கீகரிச்சு ஒட்டாவா நாடாளுமன்றத்தில தீர்மானமும் வந்தது. அதுக்குப் பின்னால தொகுதி தொகுதியாய்ப் போய் அலுவலகக் கதவைத் தட்டின சனம் இருக்கு. மணி அண்ணா சொன்ன ஒற்றைத் தாள், இருபத்தைஞ்சு வயது உதவியாளர், எல்லாம் எனக்குக் கண்ட காட்சி. நானே ஒருக்கா மழையில நனைஞ்சு போய், தாள் ஈரமாகி, அந்தப் பெடியன் ரேடியேற்றரில காயப்போட்டு வாசிச்சவன்.

எங்களிட்ட இல்லாதது மற்றப் பாதி. கதவைத் தட்டப் பழகிட்டம். எங்களுக்குள்ள மறுக்கிறவையை அதே தாளில எழுதி வைக்கப் பழகேல்லை. மறுத்தவை துரோகி, இல்லாட்டிப் புதுச் சங்கம்.

#17 வரலாற்றுப்பித்தன்

மகளே, யூதர்களும் பழகியேவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1952ல் வெளியேறியவர்கள் திரும்பியதும், இப்போது கதவு சாத்தப்படுவதும் ஒரே வரலாறு. ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட யூதர் இரண்டு சினகாக் கட்டினாராம். எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, "ஒன்றில் தொழுவேன், மற்றதில் காலடி வைக்கமாட்டேன்" என்றாராம். அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் கதை.

#18 சுக்குக்காபி

ஓரக்கண்ணோட மூணு சங்கம், தாத்தாவோட ரெண்டு சினகாக். நாமதான் முன்னணி!

மணி அண்ணே, கத்திரிக்குப் பதில் கடைசில சொல்றேன்னீங்களே, மறந்தாச்சா?

#19 மேரிலாந்து மணி

மறக்கவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், பொதுக்கூட்டத்தில் நடந்தது என்பதால் எழுதலாம்.

திங்கள் மாலை கடைசித் தீர்மானம் இஸ்ரேல், காஸா பற்றியது. பிணைக்கைதிகள், ஹமாஸ் தாக்குதல், இஸ்ரேலின் தற்காப்பு உரிமை எல்லாம் இருந்தன. காஸா பொதுமக்களின் துயரம் பற்றி ஒரு வாக்கியம், அதுவும் செயப்பாட்டு வினையில். யார் செய்தது என்று வாக்கியத்தில் இல்லை. எனக்கே தெரிந்தது, காலையில் வினைச்சொல்லுக்கு நாற்பது நிமிடம் சண்டை போட்டவர்களுக்குத் தெரியாதா?

ஓர் இளம்பெண் எழுந்தார், முப்பது வயதுக்குள் இருக்கும். உள்ளே வரும் உணவு, மருந்து பற்றி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஹாலில் காற்று மாறியது. பின்னாலிருந்து ஒருவர், "இதற்குத்தான் அனுப்பினார்களா உன்னை?" என்றார். தலைமை அம்மா அவரை உட்காரச் சொன்னார். இஸ்ரேலில் தன் அக்கா மகன் ராணுவத்தில் இருப்பதாக ஒரு பெரியவர் குரல் தழுதழுக்கப் பேசினார், யாரும் அவருக்கும் பதில் பேசவில்லை. திருத்தம் தோற்றது, பெரிய வித்தியாசத்தில். அந்தப் பெண் மறுபடி எழுந்து, "அப்படியானால் என் மறுப்பைப் பதியுங்கள்" என்றார். அமைப்புகள்தான் மறுப்புப் பதியலாம், தனி ஆள் முடியாது என்று விதி இருக்கிறதாம். விதிப் புத்தகத்தைத் தேடினார்கள். அவர் ஊர்க் கவுன்சிலின் மற்ற இரண்டு பிரதிநிதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் என் டப்பா அடுக்குகிற நண்பர். திருத்தத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். எழுந்து, "எங்கள் ஊரின் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

கத்திரி, இது உங்கள் கேள்விக்கு முழுப் பதில் இல்லை. போமேன் பற்றி அங்கே ஒரு சொல்லும் வரவில்லை, நாகை சொன்ன வரிச்சட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

#20 கத்திரிவெயில்

எதிரா ஓட்டுப் போட்டவரேவா? ஏன்னு கேட்டீங்களா?

#21 மேரிலாந்து மணி

ரயிலில் திரும்பும்போது கேட்டேன். "அவள் சொன்னது தப்பு என்று நினைக்கிறேன். அவள் சொல்லவே இல்லை என்று தாள் சொன்னால் அது பொய்" என்றார். பிறகு ஸ்டேஷன் வரும்வரை தூங்கிவிட்டார்.

#22 சுக்குக்காபி

அந்தப் பொண்ணு?

#23 மேரிலாந்து மணி

போன ஞாயிறு கிடங்குக்கு வந்திருந்தார், பருப்பு மூட்டை பிரித்தோம். அச்சான ஆவணம் கையில் இருந்தது. செம கோபம். அவர் எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கமாம், மூன்று வாக்கியமாகச் சுருக்கிவிட்டார்களாம், அதில் ஒன்று இலக்கணப் பிழையாம். அடுத்த வருட வரைவுக் குழுவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். நம் கோயில் கேமராப் பிரச்சினையை எந்தப் பத்தியில் போடலாம் என்று என்னிடம் கேட்டார்.